பழைய பொண்டாட்டிக்குக் கண்டக்டர் வழியாக

வடக்கனந்தலிலிருந்து வந்த பஸ், கள்ளக்குறிச்சிக்கு ஒரு மைல் இருக்கையில் நின்றுவிட்டது. இடஒதுக்கீட்டுப் போராட்டம். ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. என் முன் சீட்டில் இருந்தவர் கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"பின்னாடி குந்திக்கினு இருக்கறது என் பழைய பொண்டாட்டி. மடியில படுத்துக்கினு இருக்கறது என் பொண்ணு. அதுக்கு ஒடம்புக்கு இன்னான்னு கேட்டுச் சொல்லு."

"நீயே கேளேன்யா."

"நாங்க பேசறதில்ல."

அந்த அம்மாவும் கண்டக்டருக்குத்தான் பதில் சொன்னாள். "தொண்டைல சீழ் வெச்சிக்கிச்சிங்க. ஊசி போட இட்டுக்கினு போறேன். அந்தாள்கிட்ட சொல்லணும்னு சட்டமா?"

"கோர்ட்ல அப்படித்தான சொன்னாங்க? புள்ள விஷயத்த ரெண்டு பேரும் சொல்லிக்கணும்னு. கேளு கண்டக்டர்."

"நான் டிக்கெட் கிழிக்கறவன்யா. தந்தி ஆபீஸ் இல்ல."

"பென்சிலின் மட்டும் வாணாம்னு சொல்லு. போன பொங்கலுக்கு என் வூட்ல இருந்தப்ப போட்டாங்க. மூஞ்செல்லாம் வீங்கிப் போயி, மூச்சு வுட முடியல."

பஸ்ஸில் எல்லாரும் திரும்பினார்கள். அந்த அம்மா கண்டக்டரை விட்டுவிட்டு நேராக அவரைப் பார்த்தாள்.

"அடப்பாவி! இத எங்கிட்ட சொல்லணும்னு தோணல?"

"நீதான் பேசாதன்ன."

அவள் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எறங்கு. நடந்தே போயிடலாம். டாக்டர்கிட்ட நீயே சொல்லு."

"அப்ப பேசலாமா?"

"டாக்டர்கிட்ட பேசு. எங்கிட்ட பேசாத."