கிடங்கைத் திறக்கும் பொட்டலம்

வீட்டில் நோயாளியை வருஷக்கணக்காகக் கவனித்துக்கொள்ளும் உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி உண்டா, தெரியவில்லை. அதனால்... சின்னதாக ஒரு கதை சொல்கிறேனே, கேட்பீர்களா?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவமனை. அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இசக்கியப்பன் என்று ஓர் இன்ஜினியர். அங்குள்ள ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொட்டலமாகக் கட்டப்பட்டிருக்கும். 'இமேஜ்' என்பார்கள். எந்தக் கம்ப்யூட்டரில் பிரித்தாலும் ஓடும். அந்தப் பொட்டலங்களை வெளியே யாரிடமும் விடாமல், மருத்துவமனைக்குள்ளேயே வைக்க அவர் ஒரு கிடங்கு அமைத்தார். 'ரெஜிஸ்ட்ரி' என்று பெயர்.

சரி... அந்தக் கிடங்கும் ஒரு மென்பொருள்தானே? அதற்கும் ஒரு பொட்டலம் உண்டே? அதை எங்கே வைத்தார் தெரியுமா? அதே கிடங்குக்குள்! ஒழுங்கான மனிதர். எல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டும் அவருக்கு.

ஐப்பசியில் ஒரு நாள் பேய்மழை. கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து கம்ப்யூட்டர்கள் நனைந்தன. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்திருந்த டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். அதில் எல்லாப் பொட்டலமும் பத்திரம்! புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினார். திரையில் என்ன வந்தது? 'கிடங்கின் பொட்டலத்தைக் கொண்டுவா.' எங்கிருந்து கொண்டுவருவது? கிடங்கிலிருந்து! கிடங்கு திறந்திருக்கிறதா? இல்லை! இன்டர்நெட்டும் இல்லை, செல்போனும் செத்துவிட்டது.

அப்போது ரத்த வங்கி சிஸ்டர் ஜெபசெல்வி மூச்சிரைக்க வந்தார்.

"அண்ணாச்சி, பிரசவமான பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ். கையில ஒரு பாட்டில்தான் இருக்கு. யார் யார் குடுப்பாங்கன்னு லிஸ்ட் உங்க கம்ப்யூட்டர்லதானே?"

"உள்ளதாம்மா இருக்கு... திறக்க முடியல."

"திறக்கிறது எங்க இருக்கு?"

"அதுவும் உள்ளதான்."

"நல்லா வச்சீரு! எதுத்தாப்புல கண் ஆஸ்பத்திரியிலயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருக்காரே, கேட்டீரா?"

"அவன்கிட்டயா? சிரிப்பாம்மா."

"சிரிக்கட்டுமே! சிரிச்சா என்ன, செத்தா போவீரு? அங்க ஒருத்தி சாகக் கிடக்கா!"

முழங்கால் தண்ணீரில் தெருவைக் கடந்தார் இசக்கியப்பன். எதிர் ஆஸ்பத்திரி மாடசாமி கேட்டார்... சிரித்தாரா? சிரித்தார்! "என்ன வே, சாவிய உள்ள போட்டுப் பெட்டியப் பூட்டிட்டீரோ?" என்று சிரித்துக்கொண்டே, தம்மிடமும் இருந்த அதே கிடங்குப் பொட்டலத்தைப் பென் டிரைவில் போட்டு, பாலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தார். பத்தே நிமிஷம்... கிடங்கு எழுந்தது! ரத்த வங்கி எழுந்தது! பட்டியல் வந்தது! அடுத்த தெருவில் ஒரு தையல்காரர்... ஓ நெகட்டிவ்! ஆள் போய்க் கதவைத் தட்ட, மெஷினை அப்படியே விட்டுவிட்டு நனைந்துகொண்டே வந்தார். அந்தத் தாய் பிழைத்தாள், ஐயா... பிழைத்தாள்!

அம்மா, ஐயா... உங்கள் வீட்டில் அந்தக் கிடங்கு யார்? நீங்கள்தானே? எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்த டாக்டர், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைப்பது... எல்லாம் உங்களுக்குள். நீங்கள் விழுந்தால் உங்களை எழுப்புவது யாரிடம் இருக்கிறது? அதுவும் உங்களிடமேவா? நான் சொல்வது சரிதானா என்று நீங்களே யோசியுங்கள். இந்த அரங்கை விட்டு எழும் முன், பக்கத்தில் இருப்பவர் பெயரைக் கேளுங்கள். உங்கள் வீட்டு மாத்திரைச் சீட்டின் நகல் ஒன்று அவரிடம் இருக்கட்டும். சிரித்தால்... சிரித்துவிட்டுப் போகட்டும். நீங்கள் விழும் அன்று வருவார்.