சரிபார்த்தவர் கட்டம்

— கால் மேல கால் போட்டு உக்காருங்க தலைவரே. மேல்மாடியிலிருந்து இறங்கி எங்க டிசைன் ரூமுக்கெல்லாம் வந்திருக்கீங்க!

— போதும் நிறுத்து, சிவப்பு பென்சில். ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க நாம. ஊரே என்னை சார்ங்குது. நீயும் ஆரம்பிச்சிடாதே.

— இருபத்திரண்டு வருஷமா பம்ப் வரைஞ்சே. இப்போ கம்பெனியையே உன் கையில குடுத்துட்டாங்க. மரியாதை வேணாமா? சரி, எல்லாரும் சாப்பிடப் போற நேரமாப் பார்த்து வந்திருக்கே. என்ன விஷயம்?

— நாளைக்கு போர்டு மீட்டிங். தலைமைக்கு வந்து முதல் பேச்சு. நாலு பக்கம் எழுதியிருக்கேன், பார்த்துக் குடு.

— டிராயிங்னா பார்ப்பேன். பேச்செல்லாம் எனக்குப் பார்க்கத் தெரியாதுப்பா.

— உன் சிவப்பு பென்சில் படாம, உன் கையெழுத்து இல்லாம என் தாள் ஒண்ணுகூட இந்த ரூமை விட்டு வெளியே போனதில்ல. பாரு, ஓரத்துல கட்டம்கூடப் போட்டிருக்கேன். வரைஞ்சவர், சரிபார்த்தவர்.

— அட, கட்டம் வேறயா! ஆள்தான் மேல போயிருக்கு, புத்தி இங்கேயேதான் கிடக்குது. குடு. "கணிசமான வளர்ச்சி." கணிசம்னா எத்தனை மில்லிமீட்டர்?

— ஐயோ, ஆரம்பிச்சிட்டா.

— "விரைவில் புதிய சந்தைகள்." எப்போ? எங்கே? ஒரு போல்ட்டுக்குக்கூட, கூடினா எவ்வளவு, குறைஞ்சா எவ்வளவுன்னு எழுதுவியே, அந்த ஆளு எங்கே போனான்?

— மேல அளவு போட்டுப் பேசினா யாருக்கும் பிடிக்காது. வழவழா கொழகொழான்னுதான் பேசணும்.

— நல்லாத் தேறிட்டே. மூணாவது பக்கம்... "சில பணிகள் சீரமைக்கப்படும்." இது என்ன?

— அது ஒண்ணுமில்ல. அடுத்த பக்கம் போ.

— போறேன், போறேன். இங்க ஒரு அளவு விட்டுப்போயிருக்கே. எந்தப் பணி?

— அதான், பொதுவா...

— காதைச் சொறியாதே. டிராயிங்ல தப்பை ஒளிச்சு வெச்சிருந்தாதான் நீ காதைச் சொறிவே. எந்தப் பணி?

— டிசைன். வெளியாளுங்ககிட்ட குடுக்கறாங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. நாலு மாசம் மல்லுக்கட்டிப் பார்த்தேன், ஒண்ணும் நடக்கல.

— எத்தனை பேருக்கு வேலை போகுது?

— பதினோரு பேருக்கு.

— அதை ஏன் இதுல எழுதல?

— எழுதக் கை வரல. உன்கிட்ட சொல்ல வாயும் வரல. தாளைக் குடுத்தா நீயே கண்டுபிடிச்சிடுவேன்னு தெரியும்.

— பயந்தாங்கொள்ளி.

— ஆமா. திட்டு, எனக்கு வேணும்.

— திட்டி என்ன ஆகப்போகுது? மீட்டிங்குக்கு முன்னாடி இந்த ரூமுக்கு வந்து, அவங்க முகத்தைப் பார்த்து நீயே சொல்லணும்.

— சொல்றேன். சத்தியமா. ஆனா நீ கவலைப்படாதே. உனக்கு என் பக்கத்து ரூம். தரம் பார்க்கற மொத்தப் பொறுப்பும் உன்னோடது. மேசைகூடப் போட்டாச்சு, ஜன்னல் பக்கமா.

— ஜன்னல் பக்கமா! பரவாயில்லையே. அந்தப் பென்சிலை எடு.

— என்ன எழுதறே?

— விட்டுப்போன அளவை. டிசைன் துறை மூடப்படுது, இத்தனை பேருக்கு வேலை போகுதுன்னு.

— சரி, எழுது. நியாயம்தான். ஏய், எண்ணை மாத்தி எழுதிட்டியே! பதினொண்ணுன்னுதானே சொன்னேன்?

— நீங்க சொன்னது தப்பு, சார். இந்த ரூம்ல என்னையும் சேர்த்து பன்னெண்டு பேர். திருத்தி, கட்டத்துல கையெழுத்தும் போட்டுட்டேன்.