இன்னும் எலிக்குத்தான்

ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் ஒரு கணவனும் மனைவியும் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். முறிந்து ஒட்டாத கணவரின் காலைச் சுற்றி இரும்புக் கம்பிகள்.

"இப்ப எலும்பையே மெசின்ல அச்சடிக்கிறாங்களாம், புள்ள."

"அப்ப ஒங்களுக்கும் ஒண்ணு அடிச்சுத் தரச் சொல்றதுதானே?"

"கேட்டேன். உள்ளுக்கு ரத்தம் ஓடலேன்னா அந்த எலும்பு செத்துருமாம். அதான் ரத்தக்குழாய் செல்லையும் சேத்து அடிச்சுப் பாக்குறாங்களாம். இன்னும் எலிக்குத்தான் வச்சிருக்காங்க."

"எலி குடுத்து வச்சது. மனுசனுக்கு எப்ப?"

"பத்து வருசமும் ஆகலாம்னாரு டொக்டர்."

"கால வெட்டி எடுக்க நாம கையெழுத்து வைக்கிறது திங்கக்கெழம."

தெல்தெனியவில் கூட்டம் ஏறியது. யாரும் இடித்துவிடாமல் அந்தப் பெண் அவர் காலுக்குக் குறுக்கே கையை வைத்தார். இறங்கும்வரை எடுக்கவில்லை.