வீட்ல கொண்டு விடுதேன்

ராத்திரி எட்டரை மணி. ஜனவரி மாசம். டெல்லியில ஒரு சர்வீஸ் ரோடு... ஒரு பக்கம் நீளமா சுவரு, இன்னொரு பக்கம் நாலான்னு சொல்லுற பெரிய சாக்கடை. பனின்னா அப்படி ஒரு பனி. முன்னால போற வண்டியோட சிவப்பு லைட்டு பத்தடி தாண்டுனா காணாம போயிரும். அந்த ரோட்டுல ஒருத்தன் தனியா பைக்குல வாரான்.

தனியான்னுதான் அவன் நெனச்சிட்டு வாரான்...

ஏட்டி டெல்பின், அந்தக் கதவ நல்லா சாத்து. காத்து உள்ள வருது. ஏல ஜெரால்டு, நீ இளிக்காத. அக்கா பேய்க்கதை சொன்னாலே உனக்கு ஒரு இளிப்பு. கரண்டு வரட்டும், அப்புறம் இளி. இது எங்கயோ காத்துவாக்குல கேட்டது இல்ல. என் கூட வார்டுல வேல பாக்காளே ஜெனி, அவ வீட்டுக்காரன் ஆரோனுக்கு நடந்தது. ஒரு நைட் ட்யூட்டியில அவளே என் கையப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னா.

ஆரோன் நம்ம பக்கத்துப் பையன்தான், நாசரேத்து. அவனும் நர்சு. கல்யாணம் ஆன நாலாவது மாசம் டெல்லியில வேல கெடச்சு வந்தான். பொண்டாட்டிய ஊர்ல விட்டுட்டு வந்தவன் பைக்க விட்டுட்டு வரல, பாத்துக்க. பெட்ரோல வடிச்சு, சாக்கு சுத்தி, ரயில் பார்சல்ல போட்டுக் கொண்டாந்துட்டான். ஆம்பளைங்க புத்தி எங்க போகும்.

ஆனா பாசக்காரன். ஜெனிகிட்ட தெனமும் போன்ல இதே பேச்சு. "நீ வா, உன்னப் பின்னால உக்கார வச்சு டெல்லி பூராவும் காட்டுதேன்." அவளுக்குன்னு ஒரு சிவப்பு ஹெல்மெட் வாங்கி சீட்டு பக்கத்துக் கொக்கியில மாட்டியே வச்சிருந்தான். ஒரு நாளும் யாரும் அதப் போட்டதில்ல. வேற யாரையும் பின்னால ஏத்துனதும் இல்ல. அந்த எடம் அவளுக்குத்தான்.

கோட்லா சந்துல மூணாவது மாடியில ஒத்த ரூமு. ஒரு கட்டிலு, ஒரு ஸ்டவ்வு. அவ வாராள்னு ரெண்டு பேரு போத்துற மாதிரி பெரிய பஞ்சு ரஜாய் ஒண்ணு புதுசா வாங்கி வச்சிருந்தான். அதுவரைக்கும் இவன் பழைய கம்பளியில சுருண்டு கெடந்தான். சனிக்கிழம காலைல நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு அவ ரயிலு.

செவ்வாக்கிழம சாயங்காலம் இது ஆரம்பிச்சுது.

கட்டட வேலையில சாரத்துலருந்து விழுந்த ஒருத்தரத் தூக்கிட்டு வந்தாங்க. பேரு லட்சுமணன். அம்பது வயசு இருக்கும். தல பூராவும் ரத்தம். ஒடம்பு பூராவும் ஈர சிமெண்டு வாசம். கொண்டாந்து போட்டவன் பேர மட்டும் சொல்லிட்டு நழுவிட்டான். அந்த மனுசன் என்னமோ சொல்லிக்கிட்டே கெடக்காரு. டாக்டருக்கும் புரியல, சிஸ்டருங்களுக்கும் புரியல. ஆரோன் கிட்டப் போயி காதக் குடுத்தான். தமிழு...

"வூட்ல கொண்டு போயி வுட்டுருங்கப்பா. என்ன வூட்ல வுட்டுருங்கப்பா."

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பேச்சு. இவன் குனிஞ்சு, "அண்ணாச்சி, நானும் தமிழ்தான்"ன்னான். அவ்வளவுதான். அவரு இவன் கைய ஒரு பிடி பிடிச்சாரு பாரு... செங்கல் சுமந்த கை, விடவே இல்ல. வழி வேற சொல்லுதாரு. நாலா பாலம் தாண்டணும். ஒரு வேப்பமரம். மரத்துக்குப் பின்னால நீலக் கதவு.

இந்த மாதிரி நேரத்துல நாங்க நர்சுங்க என்ன சொல்லுவோம்? ஒண்ணுமில்ல, நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்லுவோம். பொய்தான். நானே ஆயிரம் தடவ சொல்லிருக்கேன். இவன் என்ன செஞ்சான்னா, இத்தன நாளு கழிச்சு நேர்ல தமிழக் கேட்ட பாசத்துல ஒரு வார்த்தையக் கூட்டிச் சொல்லிட்டான்.

"கவலப்படாதீங்க அண்ணாச்சி. ட்யூட்டி முடியட்டும். என் வண்டியில நானே உங்கள வீட்ல கொண்டு விடுதேன்."

அவரு பிடிச்ச கைய விட்டுட்டாரு.

ஏழு மணிக்கு அவருக்கு முடிஞ்சிருச்சு. தாடையச் சேத்துத் துணி கட்டுனது ஆரோன்தான். எட்டு மணிக்கு ட்யூட்டி முடிஞ்சு, மொகத்தக் கழுவிட்டுக் கீழ வந்து, வண்டிய ஸ்டாண்டுலருந்து எறக்கி ஏறி உக்காந்தான். வண்டி கொஞ்சம் அமுங்குச்சு. சாவியப் போட்டான்.

கிரீச்...

இன்னொரு தடவ அமுங்குச்சு.

பின்னால ஒரு ஆளு கால வீசிப் போட்டு ஏறுனா வண்டி எப்படி ஆடும்? அந்த ஆட்டம். இவன் திரும்பிப் பாத்தான். ஒருத்தரும் இல்ல. பனிதான். ஸ்பிரிங் போயிருச்சு போலன்னு நெனச்சிக்கிட்டுக் கெளப்பிட்டான். பாலம் ஏறும்போது மூணாவது கியருல வண்டி இழுக்கல. ரெண்டுக்கு எறக்குனான். அப்பவும் மொனங்குது. அந்தச் சர்வீஸ் ரோட்டுக்கு வந்தப்போ மூக்குல ஏறுச்சு... ஈர சிமெண்டு. கூடவே டெட்டால். சுத்திலும் எங்கயும் கட்டட வேல இல்ல.

ரோட்டோரம் ஒத்த பல்பப் போட்டுக்கிட்டு ஒரு பஞ்சர் கடை. மப்ளர் சுத்துன கெழவரு. இவனுக்கு அரகொற ஹிந்தி. காத்தப் பாக்கச் சொல்லி, பையா, ஹவா, ஹவான்னு டயரக் காமிச்சான். வண்டிய விட்டு எறங்கவும் இல்ல. அவரு குனிஞ்சு பின் டயர அமுக்கிப் பாத்தாரு. இவனையும் பாத்தாரு, இவன் பின்னாலயும் பாத்தாரு.

"ஹவா டீக் ஹை. டபுள் சவாரிக்கு இது போதும்"னு சொல்லிட்டு டீயக் குடிக்கப் போயிட்டாரு.

டபுள்!

அதுக்கப்புறம் இவன் எப்படி வண்டிய ஓட்டுனான்னு அவனுக்கே தெரியாது. ரூமுக்கு வந்து கீழ வண்டியப் பூட்டிட்டு, மேல கொண்டு போவோம்னு அந்தச் சிவப்பு ஹெல்மெட்டக் கழட்டுனான். விரலு உள்ள பட்டுச்சு.

சூடு...

டெல்லி ஜனவரி. பத்து கிலோமீட்டர் பனியில தொங்கிக்கிட்டு வந்த ஹெல்மெட்டு. வெளிய ஐஸு. உள்ள பஞ்சு மட்டும் வெதுவெதுன்னு... இப்பதான் யாரோ தலையிலருந்து கழட்டி மாட்டுன மாதிரி.

என்னட்டி டெல்பின்? "பஸ் அத்தே, பஸ்"ஸா? போதும்னு ஹிந்தியில கெஞ்சுதியாக்கும்? பயந்தா எந்திரிச்சுப் போ. உன் ரூமுக்குத் தனியா இருட்டுல நடந்து போ, யாரு வேண்டாம்னது. போகமாட்டேல்லா? அப்ப பேசாம உக்காரு.

புதன்கிழமையும் அப்படித்தான். ட்யூட்டி முடிஞ்சு ஏறி உக்காருவான், கொஞ்ச நேரத்துல... கிரீச். வியாழக்கிழம வண்டியே வேண்டாம்னு கீழயே விட்டுட்டு மெட்ரோல போயி மெட்ரோல வந்தான். வெள்ளிக்கிழம காலைல எறங்கி வந்து பாத்தான். ராத்திரி பெஞ்ச பனியில வண்டி பூராவும் தண்ணி. டேங்குல சொட்டுது, கைப்பிடியில சொட்டுது, இவன் சீட்டுல கொளம் கட்டி நிக்குது. பின் சீட்டு மட்டும் காஞ்சு கெடந்துச்சு.

விடிய விடிய அதுல ஆளு உக்காந்திருக்கு.

அப்பதான் அவனுக்கு உறைச்சுது. அவரு எறங்கவே இல்ல. எப்படி எறங்குவாரு? வீட்ல விடுதேன்னு சொல்லி ஏத்தியாச்சு. வீடு இன்னும் வரலைல்லா!

விடிஞ்சா சனிக்கிழம, ஜெனி வந்துருவா. வந்ததும் ஆசையா அதே சீட்டுல ஏறி உக்காருவா... அவரு மடியில. இன்னைக்கே கொண்டு விட்டுரணும்னு முடிவு பண்ணுனான். மத்தியானம் கெளம்பும்போதே பொண்டாட்டிக்காகக் கட்டில்ல ரஜாய விரிச்சு, ரூமப் பூட்டி, சாவியப் பையில போட்டுக்கிட்டான்.

ராத்திரி ட்யூட்டி முடிஞ்சுது. ஏறுனான். கிரீச். இவன் மெதுவா, "போவோமா அண்ணாச்சி"ன்னான். சிமெண்டு வாசம் மட்டும்.

நாலா பாலம் தாண்டுனான். வேப்பமரம் இருந்துச்சு. அதுக்குப் பின்னால...

ஒண்ணுமே இல்ல. செங்கக் கட்டியும் தகரமுமா மேடு மேடாக் கெடக்கு. முந்நூறு குடிச இருந்த எடமாம், நம்ம தமிழாளுங்கதான். ஒரு ஓரத்துல கட்டையப் போட்டு எரிச்சுக்கிட்டு ஒரு அம்மா, பேரு கோவிந்தம்மா, சாமான் மூட்டைக்குக் காவலா உக்காந்திருந்தாங்க. இவன் கேட்டான்.

"லட்சுமணன் வூடா? எந்த வூட்டக் கேக்குற? மொத்தத்தையும் போன மாசமே புல்டோசர் வச்சித் தள்ளிட்டாங்களேப்பா. அவனுக்குப் பொண்டாட்டியும் இல்ல, புள்ளயும் இல்ல. வேல நடக்குற கட்டடத்துலயே படுத்துனு கெடந்தான். இன்னா, எதுனா சேதியா?"

இவன் அந்தப் பக்கம் திரும்புனான். அந்தக் குவியலு மேல ஒரு கதவு சாஞ்சு கெடந்துச்சு. நீலம். சுவரு இல்ல, நெல இல்ல, கதவு மட்டும். கொக்கியில ஒரு பூட்டு தொங்குது.

வண்டிய அதுக்கு நேரா நிறுத்துனான். "வந்தாச்சு அண்ணாச்சி. எறங்குங்க."

எறங்கல.

கால் மணி நேரம் நின்னான். ஜெபம் பண்ணுனான். அப்புறம் அழுதான். பயத்துலதான் அழுதேன்னு ஜெனிகிட்டச் சொல்லிருக்கான். எனக்கு என்னமோ பயம் மட்டும்னு தோணல. குளுருல, ஒரு கதவ மட்டும் பாத்துக்கிட்டு, முதுகுக்குப் பின்னால ஒருத்தரு சத்தமில்லாம உக்காந்திருந்தா... யாரா இருந்தாலும் மனசு விட்டுப் போயிரும். அந்த நேரத்துல அவன் வாயிலருந்து அது வந்துருச்சு.

"சரி... வாங்க அண்ணாச்சி. நம்ம வீட்டுக்குப் போவோம்."

நம்ம ஆளுங்க வாயில தன்னால வர்ற வார்த்த. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவனக்கூட வீட்டுக்கு வாங்கன்னு சொல்லாம எறங்கமாட்டோம். யாரு வரப்போறாங்கன்னு சொல்லுறதுதான்.

கோட்லா சந்துக்குள்ள வந்து கேட்டு முன்னால நிறுத்துனான்.

கிரீச்...

பின் சீட்டு மேல எழும்புச்சு.

வண்டி பஞ்சு மாதிரி ஆயிருச்சாம். இவனுக்கு நம்ப முடியல. மாடிக்குக்கூட ஏறல. சந்தோசத்துல அப்படியே வண்டியத் திருப்பி ஸ்டேஷனுக்கு விட்டான். பாலத்துல நாலாவது கியருல பறக்குது. ராத்திரி பூராவும் ஸ்டேஷன் வாசல்ல டீயக் குடிச்சிட்டு உக்காந்திருந்தான்.

பனியில ரயிலு லேட்டு. எட்டு மணிக்கு ஜெனி எறங்குனா. ஹெல்மெட்ட அவ கையில குடுக்குறதுக்கு முன்னால இவன் உள்ள கைய விட்டுப் பாத்தான். ஐஸு! சிரிச்சுட்டான். எதுக்குச் சிரிக்கீங்கன்னு அவ கேக்கா, இவன் ஹெல்மெட்ட நீட்டுனான். அவ ஏறி உக்காந்தா. வண்டி ஒரே ஒரு தடவ அமுங்குச்சு. இந்தியா கேட்டச் சுத்தி வந்தான். பனியில ஒரு எழவும் தெரியல. ஆனா அவ தோளுல கையப் போட்டுக்கிட்டு வழி பூராவும் பேசிக்கிட்டே வந்தாளாம்.

ரூமுக்கு வந்தாங்க. மூணு மாடி ஏறி, இவன் பையிலருந்து சாவிய எடுத்துப் பூட்டத் தொறந்தான். அவளுக்குக் காலு ரெண்டும் மரத்துப் போச்சு. செருப்ப உதறிட்டு நேராக் கட்டிலுக்கு ஓடி ரஜாய்க்குள்ள புகுந்துட்டா. இவன் பெட்டிய உள்ள இழுத்துட்டு வாரான்.

"ஏங்க... ரஜாய் சூடா இருக்கே? யாரு படுத்திருந்தா?"

ஆரோன் வாசல்லயே நின்னுட்டான். கையில சாவி.

ரஜாய் பூராவும் சூடு இல்லயாம். சுவரோரமா மட்டும்... புது எடத்துல கூச்சப்பட்டு ஒரு ஆளு ஒடுங்கிப் படுப்பாம்லா, அந்த அகலத்துக்கு மட்டும். மிச்ச எடம் சில்லுன்னு இருந்துச்சு. அத அவங்க ரெண்டு பேருக்கும் விட்டு வச்சிருந்தாரு.