மாப்பிள்ளை மாட்டிக் கொடுத்த டிரைவ்

அந்த நாற்காலியில் பார்த்து உட்காருங்கள் தம்பி, ஒரு கால் ஆடும். சரி பண்ண வேண்டும் என்று நினைப்பதோடு சரி. காபி சூடாக இருக்கிறதா? நல்லது. வந்ததிலிருந்து என் கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள். கிழவனிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சம். நானே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும்.

நான் கடைகளுக்கு ஷட்டர் ரிப்பேர் செய்தவன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது, நானும் அதைக் கைகழுவினேன். யாரையும் சட்டென்று நம்ப மாட்டேன். ‘நம்ம பூட்டு நல்ல பூட்டு’ என்று சொன்ன கடைக்காரர்கள்தான் திருட்டுப் போன பிறகு என்னைத் தேடி வருவார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த புத்தி.

எனக்கு ஒரே மகள். தாயில்லாமல் வளர்ந்தவள். பாப்பா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறேன். கட்டடங்களுக்குப் படம் வரைகிறவள். மாப்பிள்ளைக்கும் அதே தொழில், இரண்டு பேரும் ஒரே ஆபீஸ். கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவார்கள். பாப்பா போனில் போட்டோ காட்டுவாள். நான் கண்ணாடியைத் தேடுவேன். அது என் நெற்றியில்தான் இருக்கும். அவள் சிரிப்பாள்.

அப்போதுதான் மாப்பிள்ளை எனக்கு ஓர் உபகாரம் செய்தார். அவர்களுடைய போட்டோ, வரைபடம் எல்லாம் கிளவுடில் இருக்கிறதாம். அதை என் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவாக மாட்டிக் கொடுத்தார். சி இருந்தது, டி இருந்தது, கீழே புதிதாக இசட் என்று ஒன்று முளைத்தது.

“மாமா, இது உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கற மாதிரி தெரியும். ஆனா இங்க இல்ல.”

“பின்ன எங்க இருக்கு?”

“எங்கயோ மாமா. அது நமக்கெதுக்கு?”

“அப்ப உங்க சாமானை யார் வீட்டுலயோ வெச்சிருக்கீங்க. வாடகையும் கொடுக்கறீங்க. வீடு எங்க இருக்குன்னு மட்டும் தெரியாது.”

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, அங்க வெச்சது தொலையவே தொலையாதுப்பா.”

பாஸ்வேர்டு அடிக்க நான் திணறுவேன் என்று மாப்பிள்ளை தன் பெயரையும் தன் பாஸ்வேர்டையுமே போட்டு வைத்துவிட்டார். தங்கமான மனுஷன். கோபம் வந்தால்கூட ‘மாமா’ என்றுதான் ஆரம்பிப்பார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. “எல்லாம் இசட்ல போட்டிருக்கேன்ப்பா, பாத்துக்கோங்க” என்று போனில் சொல்லிவிடுவாள். நானும் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் நான் வாயைப் பிளந்து தூங்கும் போட்டோ ஒன்றைப் பார்த்து எரிச்சலாகி அழித்தேன். என் கம்ப்யூட்டரில் மட்டும் போகும் என்று நினைத்தேன். அவர்கள் ஆபீசிலும் போய்விட்டது. “எதையாவது தொட்டீங்களாப்பா?” என்று போன் வந்தது. சாயங்காலம் அவளே வந்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், தட்டைக்கூடக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

மறு வாரம் இன்னொரு போட்டோ தவறிப் போனது. மறுபடி வந்தாள். அப்பாவுக்குக் கை நடுங்குகிறது என்று அவளே முடிவு பண்ணிக்கொண்டாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த தடவை மாப்பிள்ளைதான் வந்தார். “பயப்படாதீங்க மாமா. அழிச்சது எல்லாம் இந்தக் குப்பைத்தொட்டிக்குத்தான் வரும். இதையும் காலி பண்ணாத்தான் போச்சு. இனிமே நான் ஆபீஸ்லருந்தே எடுத்துக்கறேன். அவ அலைய வேணாம்.” என் டிரைவைப் பார்க்க மட்டும் முடிகிற மாதிரி மாற்றும்படி பாப்பா சொல்லியிருந்தாளாம். ‘மாத்திட்டேன்’ என்று அவளிடம் சொல்லிவிட்டு மறந்துவிட்டார். மறதி யாருக்குத்தான் இல்லை?

பாப்பா அந்த வருஷம் முழுக்க ஒரு நூலகக் கட்டடத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பெரிய போட்டி. ஜெயித்தால் அவள் பெயரில் நிற்கப்போகும் முதல் கட்டடம். மாப்பிள்ளையும் தனியாக ஒன்று அனுப்பியிருந்தார். அது முதல் சுற்றிலேயே விழுந்துவிட்டது. பாப்பாவின் படம் கடைசிச் சுற்றுக்குப் போனது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். எல்லாம் இசட்டில்தான் இருந்தது. தொலையவே தொலையாத இடம் அல்லவா, வேறு பிரதி எதற்கு?

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். நல்ல காற்று. அந்த ஃபோல்டரை அழித்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது, மரியாதை தெரிந்த டப்பா. ஆமாம் என்றேன். பிறகு மாப்பிள்ளை காட்டிக் கொடுத்தபடியே குப்பைத்தொட்டியையும் காலி பண்ணினேன். அவர்களுக்கு ஒரு பாடம் வேண்டும் என்றுதான் செய்தேன். சரியாகப் பூட்டாத ஷட்டரைத் தூக்கிக் காட்டினால்தான் கடைக்காரன் நம்புவான். வேறு நோக்கம் எதுவும் இல்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். பாப்பாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

“அழிச்சது உங்க பேர்லதான் பதிவாயிருக்கு” என்றாள் புருஷனிடம்.

“நான் தொடல. சத்தியமா. மாமா கம்ப்யூட்டர்லயும் என் பேர்தான்…”

“அப்பாவுக்குப் பார்க்க மட்டும்னு மாத்திட்டேன்னு சொன்னீங்களே.”

“அது… மறந்துட்டேன்.”

“ஓஹோ. இப்ப மறந்துட்டீங்க. உங்களுது முதல்லயே விழுந்துச்சு, என்னுது நின்னுச்சு. அது பொறுக்கல. இப்ப படிக்காத மனுஷன் தலையில போடறீங்க.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். “மாமா, நீங்க ஏதாவது…”

தம்பி, நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. உள்ளதைச் சொன்னேன். “ஆமாம்மா, நான்தான் அழிச்சேன். மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாத. நான்தான்னு வெச்சுக்கோ.”

குரலைக் கொஞ்சம் தழைத்துச் சொன்னேன், அவ்வளவுதான். பாப்பா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரைத் திரும்பிப் பார்த்து, “இப்ப சந்தோஷமா?” என்று கேட்டாள். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுங்கவில்லை என்பதைக் கவனித்திருப்பார், புத்திசாலி. ஆனால் யாரிடம் சொல்வார்?

அன்றைக்கே பாப்பா இங்கே தங்கிவிட்டாள். துணிமணி மறுநாள் வந்தது. ஆபீஸ் பக்கம் போவதில்லை. பென்சிலைத் தொடுவதில்லை. நன்றாகத் தூங்குகிறாள், பகலிலும் தூங்குகிறாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் எழுப்பினால்தான் எழுந்திருக்கிறாள். அத்தனை வருஷ அலைச்சல், உடம்பு ஓய்வு கேட்கிறது. நான் சமைக்கிறேன், போட்டதைச் சாப்பிடுகிறாள். முன்பு மாதிரி சிரிப்பு இன்னும் வரவில்லை. கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் தேடிப் பார்த்தேன். வரும், எங்கே போகிறது.

மாப்பிள்ளைதான் உங்களை அனுப்பினார் என்று தெரியும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தது என்று கிளவுடுகாரர்கள் குறித்து வைத்திருக்கிறார்களா? பரவாயில்லையே, எதையாவது பத்திரமாக வைத்திருக்கிறார்கள். படத்தைக்கூட மீட்டுவிடலாம் என்கிறீர்கள். மீட்டுக்கொள்ளுங்கள், போட்டிதான் முடிந்துவிட்டதே. அவளிடம் சொல்வதானால் சொல்லுங்கள். நான்தான் அன்றைக்கே சொல்லிவிட்டேனே.

காபி ஆறிவிட்டது, வேறு போடட்டுமா? வேண்டாமா? அப்படியானால் கிளம்பும் முன் ஒரு சின்ன உதவி. அந்த இசட்டைக் கழற்றிவிடுங்கள். மெதுவாக, சத்தம் வேண்டாம். இனி அதில் நான் பார்க்க ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியவள் பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாள்.