ஏனோக் சொல்ல வந்தது

எனக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்தோடு பழக்கமில்லை. ஆகவே நீங்கள் எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். நீங்கள் போலீஸ் என்பதற்காகச் சொல்லவில்லை சார். நான் பொதுவாக யாரையும் நம்புகிறவன் இல்லை.

கல்லூரி நூலகத்தில் எனக்கு அட்டெண்டர் வேலை. தங்கச் சுரங்கம் மூடிய பிறகு வேறு எவனும் கூப்பிடவில்லை, இவர்கள் கூப்பிட்டார்கள். பழைய கம்பெனிக் கட்டடம் அது. பின்பக்கம் ஓர் அறை. தங்கக்கட்டி வைத்திருந்தது என்பார்கள். ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு, வெளியே கொண்டி. அதைத்தான் ஜெனிட்டா ஆவண அறை ஆக்கினாள். அவள் நூலகர், ஸ்கெலட்டன் குடியிருப்புப் பக்கத்துப் பெண். பழைய படம், தொப்பி, விளக்கு, பாறை துளைக்கிற கம்பி என்று வீடு வீடாகப் போய் வாங்கி வந்தாள். கிழவர்களை உட்காரவைத்துக் கதை கேட்டுப் பதிவு செய்தாள். நாங்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு அவசரம்.

முதல் கதை நான் சொன்னது, என் அண்ணன் டேவிட்டைப் பற்றி. பாறை வெடித்து அடியில் இடிந்த அன்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் மற்ற எல்லாரையும் ஏற்றினான். தனக்கு இடமில்லை என்றதும் சிரித்தபடி கேட்டைச் சாத்தி, தானே மணியடித்து மேலே அனுப்பினான். கேஜ் திரும்ப இறங்குவதற்குள் அடியில் அந்த லெவலே முழுக்க இடிந்து மூடிக்கொண்டது. உடம்பு கிடைக்கவில்லை. பெட்டியில் அவன் பூட்ஸை வைத்துப் புதைத்தோம்.

ஜெனிட்டா அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினாள். கல்லூரி நாளில் ஒரு பெண் மேடையேறி வாசித்தாள். பிரின்சிபால் எனக்குச் சால்வை போட்டார். அதுவரைக்கும் அங்கே என்னை ‘ஏய், சாவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அறைக்கே டேவிட் பேர் வைப்பது என்று முடிவாயிற்று. இந்த ஊரில் தங்கம் பிரித்துக் கொட்டிய சயனைட் மண்மேடும் வேலைக்குப் போகிற பெங்களூர் ரயிலும்தான் மிச்சம். எங்கள் வீட்டுக்கு இனி இதைவிட என்ன வந்துவிடும்?

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஏனோக் வந்தான். அண்ணனோடு வேலை செய்தவர்களில் உயிரோடிருந்தது அவன் ஒருவன்தான். நுரையீரல் முழுக்கச் சுரங்கத் தூசி. நாலு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்குவான். அவனை வரச் சொல்லியிருந்த ஜெனிட்டா சாப்பிடப் போயிருந்தாள்.

“இன்னா சாமு, நாற்காலி போட்டுக் குந்திகினு தொரை மாரி கீறே.”

“நீ இன்னும் சாவலியா?”

“சேதி ஒண்ணு பாக்கி கீது. உங்க அண்ணன் சேதி. அந்தப் பொண்ணு மிஷின்ல சொல்லிட்டுப் பூடுறேன்.”

“அதான் சொல்லியாச்சே. சுவத்துல கீது பாரு.”

“பியூலா படிச்சுக் காட்டுனா. அது இல்ல சாமு.” பியூலா அவன் மகள். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டான். “கேட்டை அவன் சாத்தல. நான் சாத்துனேன். அவன் கம்பியைப் புடிச்சுகினு அழுதான். எடம் கீது, தள்ளி நில்லு ஏனோக்குன்னு கெஞ்சுனான். எடம் இருந்துச்சுதான். பயத்துல அவன் வெரலைப் பிரிச்சு உட்டுட்டேன்.”

நான் பழிவாங்கினேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபமே வரவில்லை. அடியில் நானும் வேலை செய்தவன். அந்த நேரத்தில் நானாக இருந்தாலும் விரலைப் பிரித்திருப்பேன். என் கவலை வேறு. இவன் சொல்லிவிட்டால் என் அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவன் ஆகிவிடுவான்.

சொல்லாதே என்று கேட்டுப் பார்த்தேன் சார். கெஞ்சிக்கூடப் பார்த்தேன். பாஸ்டரிடம் சொல்லி ஜெபம் பண்ணிக்கொள் என்றேன்.

“பாஸ்டருக்குக் காது கேக்காது. கத்திச் சொன்னா தெருவுக்கே கேக்கும்,” என்று சிரித்தான். பிறகு, “சொல்லாம சாவ முடியல சாமு,” என்றான்.

சரி, உள்ளே உட்கார், உங்கள் செட்டு ஆட்கள் படம் இருக்கிறது, பார்த்துக்கொண்டிரு என்றேன். பை எதுவும் அந்த அறைக்குள் போகக் கூடாது என்பது நூலக விதி. வாங்கி வைத்துக்கொண்டேன். அவன் கைப்பேசியும் மூச்சுக்கு இழுக்கிற பம்ப்பும் அதில்தான் இருந்தன. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். கதவைச் சாத்திக் கொண்டி போட்டேன்.

ஜெனிட்டா வந்து, “ஏனோக் தாத்தா வரலியா மாமா?” என்றாள்.

“வந்தாரு. பேத்தமங்களாவுல சொந்தக்காரங்களப் பாக்கணும்னு பூட்டாரும்மா.”

சற்றுப் பொறுத்துச் சத்தம் ஆரம்பித்தது. அவன் கத்தியிருந்தால் வாசிக்க வந்த பிள்ளைகள் யாராவது ஓடியிருப்பார்கள். அவன் கத்தவில்லை. அடியில் மாட்டிக்கொண்டால் கத்தாதே, மூச்சு போய்விடும், இரும்பைத் தட்டு, நிறுத்திக் கேள், மறுபடி தட்டு என்று இறங்குகிற முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அந்தப் பழைய கம்பியால் கதவைத் தட்டினான் போலிருக்கிறது. ஜெனிட்டா நிமிர்ந்தாள்.

“இன்னா சத்தம் மாமா?”

“பின்னால குழாய் வேலை நடக்குதும்மா.”

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். யாரோ ஒரு கிழவன் சொன்ன கதையைக் கேட்டு டைப் செய்துகொண்டிருந்தாள்.

சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. தட்டுகிறவனுக்குப் பதில் தட்ட வேண்டும் என்பதும் எங்கள் முறைதான். பதில் கேட்டுவிட்டால் ஆட்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். உள்ளே இருப்பவன் தட்டுவதை விட்டுவிட்டு, படுத்து, இருக்கிற மூச்சைச் சேமிக்க வேண்டும். ஜெனிட்டா டீக்குப் போனபோது நான் எழுந்து போய்ச் சாவியால் கதவில் பதில் தட்டினேன்.

சத்தம் நின்றது. பிறகு வரவேயில்லை. ஆள் வருகிறது என்ற நம்பிக்கையோடு படுத்திருப்பான். என் அண்ணனுக்கு அந்த ஆறுதலைக்கூட யாரும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் பியூலா ரயிலிறங்கி, அப்பாவைக் கூட்டிப்போக நேராக நூலகத்துக்கே வந்தாள். அவளிடமும் பேத்தமங்களா என்றேன். அங்கே போய்த் தேடினாள், பாவம். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஏனோக்கைக் காணவில்லை என்று ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன். திங்கட்கிழமை மற்றவர்கள் வருமுன் கதவைத் திறந்தேன். முறைப்படிதான் படுத்திருந்தான், ஒருக்களித்து, கையைத் தலைக்கு வைத்து. பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டேன். பம்ப்பை எடுக்கக்கூட முடியவில்லையே என்று எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். நான் டீக்குப் போன நேரம் திரும்பி வந்து உள்ளே போயிருப்பான் என்று சொன்னேன். நம்பினார்கள்.

சாயங்காலம் கொண்டி போடுமுன் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியது ஜெனிட்டாவின் பொறுப்பு. அன்றைக்குப் பார்த்தாளா, கொண்டி போட்டது தான்தானா என்று அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள், நீங்களும் அவள்மேல் கேஸ் போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் வந்தேன். அவள் நல்ல பெண். அவள் இல்லையென்றால் அந்த அறையைப் பூட்டிப் போட்டுவிடுவார்கள். சுவரில் இருப்பதை அப்புறம் யார் பார்ப்பது? நான் இங்கே சொன்னது உங்கள் ஃபைலுக்குள் கிடக்கும், சுவருக்குப் போகாது.

சஸ்பெண்ட் ஆகுமுன் ஏனோக் நினைவாக ஏதாவது சொல்லுங்கள் மாமா என்று அவள் மிஷினை வைத்தாள். சொன்னேன். டேவிட்டுக்கு இடம் கொடுக்க ஏனோக் கேஜிலிருந்து இறங்கப் பார்த்தான், மற்றவர்கள் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள், வாழ்நாள் முழுக்க அதை நினைத்து அழுதான் என்று சொன்னேன். பியூலா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா இதச் சொல்லத்தான் வந்தாரா மாமா?” என்றாள். ஆமாம் என்றேன்.

அதையும் அச்சடித்து டேவிட் கதைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள் சார். உயிரோடு இருந்திருந்தால் ஏனோக் இவ்வளவு நல்லவன் ஆகியிருக்க மாட்டான்.