ஆணியில் அவர் தொப்பி

ஹலோ... ஹலோ... ஆமா, ஆர்டெல்லா வாஸ்தான் பேசறேன்... சிகாகோவா? குடுங்கம்மா... ஹலோ, ப்ரூயிட் ஐயா? என் தந்தி கிடைச்சுதா?...

கோவப்படாதீங்க... இல்ல, இல்ல, கல்யாணம் ஆயிடுச்சுன்னு நான் சொல்லலையே. ஒருத்தர் கேட்டிருக்காரு. என் பாட்டையெல்லாம் அச்சுப் போடறவரு நீங்க, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்...

லோரிமர் டீக். பியானோவுக்குச் சுருதி சேக்கறவரு... சிரிக்காதீங்க ஐயா. நல்ல மனுஷன். இன்னிக்குச் சாயங்கால ரயில்ல கிளம்பறாரு, அதுக்குள்ள பதில் வேணுமாம்...

மிசஸ் ஹாட்ச், ரிசீவரைக் கீழ வையுங்க!... உங்களைச் சொல்லல ஐயா. எங்க தெருவுக்கே ஒரே டெலிபோன் கம்பி. மணி அடிச்சா எல்லா வீட்டுலயும் எடுத்துக் கேப்பாங்க. நான் இங்க தும்மினா கோடி வீட்டுலேர்ந்து 'கர்த்தர் காப்பாத்துவார்'னு குரல் வருது...

ம்... ம்... தெரியும். 'ஆணியில் அவர் தொப்பி' பாட்டு, விதவை எழுதினதுனாலதான் வித்துச்சு. அட்டையில கறுப்பு முக்காட்டோட என் படம்... ஆமா, ஆமா. என் வீட்டுக்காரர் ஓடிஸ் போய் ஒன்பது வருஷம் ஆச்சே ஐயா! நீல ரிப்பன் வாங்கப் போனா கடைக்காரன் முறைக்கிறான். எங்கெங்கேர்ந்தோ பொம்பளைங்க ரயிலேறி வந்து, என் சமையல்கட்டுல நின்னு, ஆணியில தொங்கற தொப்பியைப் பாத்து அழறாங்க. ஓடிஸ் ஜென்மத்துல தொப்பி போட்டதில்ல. அது நீங்க சிகாகோவுல வாங்கி அனுப்பினது!... ஐயோ... மிசஸ் ஹாட்ச், இதை நீங்க கேக்கவே இல்ல, சரியா?...

பொய்யின்னு யார் சொன்னது? அந்தப் பாட்டை அவருக்காகத்தான் எழுதினேன். ரொட்டிக்கு மாவு பிசைஞ்சுகிட்டே, அழுதுகிட்டே எழுதினேன். அழுது முடிச்சுட்டேன் ஐயா. அப்புறம் சந்தோஷமா ஆடறதுக்குன்னு எத்தனை பாட்டு அனுப்பினேன்? பொட்டலம் பிரிக்காம திருப்பி அனுப்பிட்டீங்களே...

என்னது?... இன்னொருத்தியா?... என் பேரை வச்சா?... ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டேன்தான். பாட்டுக்குன்னு நினைச்சுல்ல போட்டேன்! பேருக்கும் சேத்தா?... அப்போ நான் கட்டிக்கிட்டா, எவளோ ஒருத்தி கறுப்பு உடுத்திக்கிட்டு ஆர்டெல்லா வாஸ்னு மேடையேறுவா. நான் எழுதறதை நான் எழுதினேன்னு சொல்லிக்கக்கூட முடியாது... அப்படித்தானே?...

இன்னும் ஒரு வருஷமா? போன தடவையும் இதையேதான் சொன்னீங்க... அவர் காத்திருக்க மாட்டாரு ஐயா... ம்... ம்... இந்தப் பேரை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு... சரி. சரி ஐயா. ரயில் போகட்டும்.

...

யாரு அழறது?... மிசஸ் ஹாட்ச்? நீங்களா?... என்ன?... எனக்காகவா? பாட்டுக்கு இல்லாம, எனக்காகவா அழறீங்க?...

இருங்க ப்ரூயிட் ஐயா, ஒரு நிமிஷம் சும்மா இருங்க!... மிசஸ் ஹாட்ச், சர்ச் உங்க வீட்டுக்கு எதிர்லதானே? உள்ள லோரிமர் பியானோவைத் தட்டிக்கிட்டு இருக்காரா?... கேக்குதா? அப்போ ஜன்னலைத் திறந்து கத்துங்க. ஆர்டெல்லா சரின்னு சொல்லிட்டாள்னு... ஆமா, இப்பவே! தெருவே கேக்கட்டும். எப்படியும் கேட்டுக்கிட்டுதானே இருக்கு...

ஐயா, பேரை நீங்களே வச்சுக்கோங்க. நான் வேற பேர்ல முதல்லேர்ந்து எழுதிக்கறேன்... ஹலோ?... வச்சுட்டாரு.

மிசஸ் ஹாட்ச்?... கத்தினீங்களா?... பியானோ நின்னுடுச்சா?... என்ன சொல்றாரு? அழுதுகிட்டே சொன்னா எனக்கு எப்படிம்மா புரியும்... ஓடி வராரா? இங்கேயா?... ஐயோ, நான் இன்னும் கறுப்புலதான் இருக்கேன்...